சில்லுனு இருந்தா கையைத் தூக்கு

எங்கள் வீட்டில் யாரும் பாத்திரத்தில் வாய் வைத்துத் தண்ணீர் குடிப்பதில்லை. எச்சில் பண்ணக்கூடாது என்பது ஸ்ரீரங்கத்தில் குழந்தை தவழும்போதே காதில் விழுகிற சொல். என் மகளும் டம்ளரை உதட்டிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பிடித்து, ஒரு சொட்டு மேலே சிந்தாமல் அண்ணாந்து குடிப்பாள். உறிஞ்சு குழாய் வைத்த பிளாஸ்டிக் பாட்டில்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாலாம் வகுப்பு தொடங்கியபோது அவளுக்கு நல்ல கனமான எவர்சில்வர் பாட்டிலாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தேன்.

அவள் பள்ளிக்கூடம் தென்னூர்ப் பக்கம். சாயங்காலம் வேன் காவிரிப் பாலம் இறங்கி மாம்பழச்சாலையைத் தாண்டி வரும்போது அவளுக்குத் தாகம் எடுத்திருக்கிறது. தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, பாட்டிலை உயரத் தூக்கியிருக்கிறாள். வேன் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. பாட்டில் நேரே அவள் முன்பல்லில் விழுந்தது. வேன் ஓட்டுகிறவர் பிற்பாடு போனில் சொல்லித்தான் இவ்வளவும் எனக்குத் தெரியும். நான் அந்த இடத்தில் இல்லை. ஆனாலும் அந்தச் சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன் என்றே தோன்றுகிறது. இன்றைக்கும் சமையலறையில் ஒரு டம்ளர் உருண்டால் என் கை என்னை அறியாமல் என் வாயைப் பொத்துகிறது.

அன்று மன்னார்புரத்தில் இருக்கும் என் அலுவலகத்திலிருந்து தலைவலி என்று சீக்கிரமே வந்துவிட்டிருந்தேன். அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால், கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு நிற்கிறாள். கைக்குட்டை சிவந்திருந்தது.

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணும் இல்லம்மா."

எங்கள் வீட்டில் அது சாதாரண வார்த்தை இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் என் கணவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே, "ஒண்ணும் இல்ல, வாயு" என்று சொல்லிவிட்டு, பெருங்காயம் போட்ட மோரைக் குடித்துவிட்டு வேலைக்குப் போனார். வண்டியை நிறுத்தும் இடத்திலேயே விழுந்தார் என்றார்கள். அதற்குப் பிறகு அந்த வார்த்தையை யார் சொன்னாலும் சொன்னவரை ஏற இறங்கப் பார்ப்பேன். கடைக்காரர் சொன்னாலும் பார்ப்பேன். அவளுக்கு மட்டும் அது பழகிப்போயிருந்தது. காய்ச்சல் என்றாலும், முட்டி தேய்ந்து ரத்தம் வந்தாலும், பள்ளியில் யாராவது அழ வைத்துவிட்டாலும், ஒண்ணும் இல்லம்மா. அவள் அழுததை நான் பார்த்ததைவிட நான் அழுததை அவள் அதிகம் பார்த்திருக்கிறாள்.

கைக்குட்டையைப் பிடுங்கினேன். மேல்வரிசையில் நடுவில் இருக்கும் இரண்டு பற்களில் ஒன்று சாய்வாக முறிந்து பாதிதான் மிச்சம். மற்றதில் ஓரம் மட்டும் போயிருந்தது. முறிந்த இடத்தின் நடுவில் ஊசி முனை அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. நான் போட்ட கூச்சலில் எதிர் ஃப்ளாட் கதவு திறந்தது.

அந்த இரண்டு பற்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பால் பல் விழுந்து அவை முளைக்க ஆரம்பித்தது அவள் அப்பா போன பிறகு. முளைத்து இறங்க இறங்க இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி தெரிந்தது. அவருக்கும் அங்கே அதே போல் ஒரு இடைவெளி உண்டு. கல்யாணத்துக்கு முன் பெண் பார்க்க வந்தபோது அவர் சிரித்ததும் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். இந்தப் பெண் சிரிக்கும் ஒவ்வொரு தடவையும் நான் ஒரு நிமிஷம் நின்றுவிடுவேன். "அப்பா பல்லுடி உனக்கு" என்று அவள் தாடையைப் பிடித்து எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. அவர் பார்க்காத பல், அவர் சிரிப்பைச் சிரித்தது. எனக்கு அது ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் பாதி பொய். பயமாகவும் இருந்தது.

தென்னூரில் மாடியில் இருக்கும் ஒரு பல் கிளினிக்குக்கு ஓடினோம். டாக்டரம்மா என் வயதுதான் இருப்பார். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சின்னச் சிலுவை. மூச்சு வாங்கிக்கொண்டு கதை சொல்ல ஆரம்பித்த என்னைக் கையமர்த்திவிட்டு, நேரே குழந்தையின் வாயைப் பார்த்தார்.

"உடைஞ்ச துண்டு எங்கம்மா? கொண்டு வந்திருக்கீங்களா?"

துண்டைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

"அது கிடைச்சா அதையே ஒட்டிடலாம். சொந்தப் பல்லு மாதிரி வருமா? பாப்பா, துண்டு கீழ விழுந்துச்சா, முழுங்கிட்டியா?"

குழந்தை நாற்காலியில் படுத்தபடி, வாயைச் சுற்றி ரத்தம் காய்ந்திருக்க, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்:

"கையிலதான் வெச்சிண்டிருந்தேன். கூரை மேல போட்டுட்டேன்."

டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அவளுடைய பால் பல் விழ ஆரம்பித்த நாட்களில் அவள் அப்பா தெருவில் மாடு எங்கே என்று தேடிப் போய்ச் சாணி எடுத்து வந்து, அதற்குள் பல்லைப் பொதிந்து, எங்கள் ஃப்ளாட்டுக்கு எதிரே பூட்டிக் கிடக்கும் ஓட்டு வீட்டின் கூரை மேல் எறிவார். அவளையும் எறியச் சொல்வார். பழசைக் கூரை மேல் போட்டால் புதுப் பல் நன்றாக முளைக்கும். ஊரில் எல்லோரும் செய்வதுதான். வேனிலிருந்து இறங்கியவள் வீட்டுக்கு வருவதற்கு முன், வாயில் ரத்தத்தோடு, அந்தத் துண்டை அங்கே எறிந்துவிட்டு வந்திருக்கிறாள்.

"எதுக்குடி போட்டே?"

"நீ பாக்கறதுக்குள்ள முளைச்சிடும்னு நினைச்சேன்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். என்னால் முடியவில்லை.

வீட்டுக்குத் திரும்பி ஓடினோம். எங்கள் ஃப்ளாட் வாட்ச்மேன் அந்த ஓட்டு வீட்டுக்கு ஏணி போட்டு ஏறினார். நான் கீழே நின்று, அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று கத்திக்கொண்டிருந்தேன். மேலே புறா எச்சம், ஒரு பிளாஸ்டிக் பந்து, எந்த வருஷத்துப் பட்டமோ ஒன்றின் மூங்கில் குச்சி. கடைசியில் வெள்ளையாக ஏதோ பொறுக்கிக்கொண்டு இறங்கினார். உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தேன். சுவரிலிருந்து பெயர்ந்த சுண்ணாம்பு. அவர் முகத்தைப் பார்த்து எதுவும் சொல்ல மனம் வராமல், அதை ஒரு காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டேன்.

துண்டு இல்லை என்று ஆனதும் மறுபடி கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் பல் நிறத்து மருந்தை வைத்துக் கட்டுவது என்று முடிவு செய்தார். பழைய வடிவம் தெரிய வேண்டும், குழந்தை சிரிக்கிற போட்டோ இருக்கிறதா என்று கேட்டார். என் போனில் அதற்குப் பஞ்சமா. ஒன்றைக் காட்டினேன். அவர் விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "நடுவுல இருக்கிற இந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைச்சுக் கட்டிடலாம், அழகா இருக்கும்" என்றார்.

"குறைக்க வேண்டாம்."

"இல்லம்மா, இந்த வயசுல எல்லாப் பிள்ளைங்களுக்கும் நடுவுல இப்படித்தான் இருக்கும். பக்கத்துல மத்த பல்லெல்லாம் முளைச்சா தானா மூடிக்கும்."

அந்த அம்மாளை அந்த நொடியே எனக்குப் பிடிக்காமல் போயிற்று. எல்லாப் பிள்ளைகளுக்குமாம். தானா மூடிக்குமாம். "டாக்டர், அது இவ அப்பா பல்லு. இருந்தது இருந்தபடி வேணும்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. நர்ஸ் தண்ணீர் கொடுத்தாள். டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டார். இடைவெளியை அப்படியே விட்டுக் கட்டினார். குழந்தை நாற்காலியில் படுத்தபடி கண்ணை மட்டும் திருப்பி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பல்லைக் கட்டியது பெரிய விஷயம் இல்லை, உள்ளே இருப்பதுதான் விஷயம் என்று டாக்டர் அப்புறம் எனக்கு விளக்கினார். அந்தச் சிவப்புப் புள்ளி பல்லின் உயிர். அதன் மேல் மருந்து வைத்து மூடியிருக்கிறார். இந்த வயதில் பல் வெளியே வந்திருக்குமே தவிர வேர் முழுதாக வளர்ந்திருக்காது. உள்ளே உயிர் இருந்தால்தான் வேர் வளர்ந்து நுனி மூடும்.

"உயிரோட இருந்துச்சுன்னா கவலையே இல்ல. செத்துப்போச்சுன்னா வேர் அப்படியே நின்னுடும். அதுக்கு வேற வைத்தியம் பண்ணணும். அதனால சொன்ன தேதிக்கெல்லாம் கூட்டிட்டு வாங்க, பார்த்துக்கிட்டே இருக்கணும்."

குழந்தையை வைத்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொன்னார். அவர்களுக்குப் பல் சாவது தினசரிப் பேச்சு. எங்கள் இரண்டு பேருக்கும் அது அப்படி இல்லை.

உயிர் இருக்கிறதா என்று பார்க்கும் முறை இதுதான். சின்னப் பஞ்சு உருண்டையில் குளிர் மருந்தைப் பீய்ச்சி, பல்லில் வைப்பார். "சில்லுனு இருந்தா கையைத் தூக்கு பாப்பா" என்பார். உயிருள்ள பல்லுக்குத் தெரியும், செத்த பல்லுக்குத் தெரியாது. முதலில் நல்ல பல். கை எழும்பும். பிறகு ஓரம் போன பல். எழும்பும். கடைசியில் பாதி போன பல். நான் நாற்காலியின் கால்மாட்டில் நின்று, பெருமாளே பெருமாளே என்று உதடு அசையாமல் சொல்லிக்கொண்டிருப்பேன். கை எழும்பும். எனக்கு மூச்சு வரும்.

அதோடு நான் விட்டேனா? வீட்டு ஃப்ரிட்ஜில் ஐஸ் கட்டி இருந்ததே. ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்திலும், ஒரு துண்டை எடுத்துத் துணியில் சுற்றி அவள் பல்லில் வைப்பேன். "சில்லுனு இருக்காடி?" "இருக்கும்மா." அந்த ஒரு சொல் கிடைத்தால் போதும், அன்றைக்குப் பாலத்து நெரிசல்கூட எனக்கு உறைக்காது. புடவைத் தலைப்பால் அவள் வாயைத் துடைத்துவிட்டு முத்தம் கொடுப்பேன். அவளும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் அவர் வந்துபோவார்.

அவர் போட்டோவுக்கு நான் மாலை போட்டு வைக்கவில்லை. அவர் சட்டைகளை யாருக்கும் கொடுக்கவும் இல்லை. வீட்டில் அவர் இருக்கிறார் என்று எனக்குச் சில நாள் தோன்றும், கூடத்தில் செருப்பைக் கழற்றுகிற சத்தம்கூடக் கேட்கும். இதையெல்லாம் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் இப்போது யோசித்தால், பல்லில் ஐஸ் வைத்துக் கேட்டதும் அந்தப் பைத்தியத்தில் சேர்ந்ததுதான். குழந்தையின் வாய்க்குள் அவரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மழைக்காலம் முடிந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பால்கனி வெயிலில் உட்கார வைத்துத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். எதற்கோ நிமிர்ந்து சிரித்தாள். பல்லின் மேல்பாதி, ஈறோடு ஒட்டிய இடம், சாம்பல் பூத்தாற்போல் இருந்தது. நிழல் என்று நினைத்துத் தள்ளி உட்காரச் சொன்னேன். நிழல் இல்லை. பீட்ரூட் சாப்பிட்டாயா, இருமல் மருந்து சாப்பிட்டாயா, ஒழுங்காகத் தேய்க்கிறாயா என்று வரிசையாகக் கேட்டேன். உள்ளே போய் ஐஸ் எடுத்து வந்தேன்.

"சில்லுனு இருக்கா?"

"இருக்கும்மா. ரொம்ப."

ரொம்ப என்று அதுவரை அவள் சொன்னதில்லை. எனக்கு அது உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை, சந்தோஷமாக இருந்தது.

அடுத்த முறை கிளினிக்கில் டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு வழக்கம் போல் பஞ்சு வைத்தார். நல்ல பல்லுக்குக் கை எழும்பியது. கட்டிய பல்லுக்கும் எழும்பியது. டாக்டர் திரும்பி இன்னொரு பஞ்சு எடுத்தார். "இன்னொரு தடவை பார்ப்போம் கண்ணு" என்று அதே பல்லில் வைத்தார். கை எழும்பியது. அவர் நிமிர்ந்து, "அம்மா, நீங்க கொஞ்சம் வெளியில உக்காருங்க" என்றார்.

"எதுக்கு டாக்டர்?"

"சும்மாத்தான். உக்காருங்க."

சும்மா என்று சொன்னால் சும்மா இருக்கிறவள் இல்லை நான். ஆனால் அந்த அம்மாளின் குரலில் ஏதோ இருந்தது. வெளியே போய் உட்கார்ந்தேன். கதவு மூடிக்கொண்டது. உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. டி.வி.யில் நகைக்கடை விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

டாக்டர் தானே வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கடைசியா வச்சது வெறும் பஞ்சும்மா. அதுல மருந்தே இல்ல. அதுக்கும் கையைத் தூக்கினா."

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க வெளியில வந்ததும் மறுபடியும் மருந்து போட்டு வச்சேன். நல்ல பல்லுக்குத் தூக்கறா. இதுக்குத் தூக்கல. நான் ஒண்ணும் கேக்கல, அவளே சொன்னா, 'இது ரொம்ப நாளா சில்லுனு இல்ல டாக்டர், அம்மாகிட்ட சொல்லாதீங்க'ன்னு. உங்க மூஞ்சியைப் பார்த்துட்டுத்தான் இவ்வளவு நாளா கையைத் தூக்கியிருக்கா."

பல் செத்துப்போயிருந்தது. எக்ஸ்ரேவில் பக்கத்துப் பல்லின் வேர் நீண்டு நுனி கூடியிருக்க, இது நின்ற இடத்திலேயே நின்றிருந்தது. வைத்தியம் இருக்கிறது, உள்ளே சுத்தம் செய்து, திறந்திருக்கும் நுனியை மருந்தால் அடைத்துக் காப்பாற்றிவிடலாம், பல் விழாது, பயப்படாதீர்கள் என்று சொன்னார். தெரிந்திருந்தால் கொஞ்சம் முன்னாலேயே ஆரம்பித்திருக்கலாம் என்பதை மெதுவாகச் சொன்னார். அவரைப் பிடிக்காமல் போனதெல்லாம் அன்றைக்கு எனக்கு மறந்துபோயிற்று.

ஸ்கூட்டரில் திரும்பினோம். பாலத்தில் நெரிசல், வண்டி நகர்வதும் நிற்பதுமாக இருந்தது. ஆற்றில் தண்ணீர் நடுவில் மட்டும் போய்க்கொண்டிருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவள் என் முதுகோடு பேசினாள்.

"டாக்டர் சொல்லிட்டாளாம்மா?"

"சொன்னா. ஏண்டி எங்கிட்ட சொல்லலை?"

"மொதல்ல நெஜமாவே சில்லுனு இருந்தது. அப்பறம் இல்லாம போச்சு."

"போச்சுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

பின்னால் ஒரு பஸ் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தது.

"அது அப்பா பல்லுன்னு நீதானே சொன்னே. அது செத்துப்போச்சுன்னு உங்கிட்ட நான் எப்படிம்மா சொல்வேன்?"

முகம் அவளுக்குத் தெரியாது என்ற தைரியத்தில் ஹெல்மெட்டுக்குள் அழுதேன். அவள் கை என் இடுப்பை இறுக்கிப் பிடித்தது. என் முதுகைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிறவளாக அவளை நான் வளர்த்து வைத்திருந்தேன். ஒன்பது வயதுக் குழந்தை, ஒரு சாவை இத்தனை மாதம் தனியாக வாயில் வைத்துக்கொண்டு இட்லி சாப்பிட்டிருக்கிறாள், பாட்டு வகுப்புக்குப் போயிருக்கிறாள், நான் ஐஸ் வைத்தபோதெல்லாம் சிரித்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து அவளை மடியில் போட்டுக்கொண்டு, அது உன் பல், உன்னுடையது மட்டும்தான், அப்பாவுடையது இல்லை என்று சொன்னேன். தலையை ஆட்டினாள். என்னைச் சமாதானப்படுத்துவதற்காக ஆட்டினாளா, நிஜமாகவே ஆட்டினாளா என்று எனக்குத் தெரியவில்லை. இனிமேல் எதையும் அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள என்னால் முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. வயிறு நிறைந்ததா, பள்ளியில் சந்தோஷமாக இருக்கிறாயா, தூக்கம் வந்ததா என்று கேட்டு, அவள் ஆமாம் என்று சொன்ன பழைய பதில்கள் எல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து வந்து என் முன்னால் நின்றன.

வைத்தியம் தொடங்கிய அன்று டாக்டர் நாற்காலியைத் தாழ்த்திவிட்டு, என்னைக் கேட்காமல் அவளைக் கேட்டார்.

"அம்மா உள்ள இருக்கட்டுமா, வெளியில இருக்கட்டுமா? நீதான் சொல்லணும்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தேன்.

"வெளியில இருக்கட்டும்" என்றாள்.

வெளியே வந்து உட்கார்ந்தேன். மரத்துப்போக ஈறில் ஊசி போடப் போகிறார்கள் என்று தெரியும். கொஞ்ச நேரம் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு என் மகளின் குரல் கேட்டது. "வலிக்குது! டாக்டர், வலிக்குது, நிறுத்துங்கோ!" அதற்குப் பிறகு பெரிய அழுகை. அவள் அப்பா போன நாளில்கூட அப்படி அழாதவள், கட்டிடமே கேட்கும்படி அழுதாள். எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர், "பிள்ளை அழுவுது, உள்ள போங்கம்மா" என்றார்.

எழுந்து போய்க் கதவுப் பிடியில் கை வைத்தேன். நான் உள்ளே போனால் அவள் அழுகையை நிறுத்திக்கொள்வாள். கையை எடுத்துவிட்டு, அவள் அழுது முடிக்கட்டும் என்று அங்கேயே நின்றேன்.